ஆய்வுக்கூடமும் அங்காடியும்

நீரிழிவு நோய்க்காக நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் இல்லாத தெரு இன்று நம் நாட்டில் அரிது. அம்மருந்துப் புட்டிகள் பலவற்றின் மேல் ‘மனித இன்சுலின்’ என்று அச்சிட்டிருப்பதை மாணவர்களாகிய நீங்கள் கண்டிருக்கக்கூடும். எந்த மனிதருடைய உடலிலிருந்தும் அது எடுக்கப்பட்டதன்று. கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாவோ, மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இனத்து நுண்ணுயிரோ பெரிய கொப்பரைகளில் வளர்ந்து அதனை ஆக்கித் தருகின்றது. மனித உடலின் வேலையை நுண்ணுயிருக்குக் கற்பித்தவர் யார்? அவ்விதம் கற்பிக்கும் அறிவு யாருக்கு உரிமையாயிற்று? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிப் புறப்படுவோமாயின், ஹெர்பர்ட் பாயர் என்னும் அமெரிக்க உயிர் ரசாயன அறிஞரின் வாழ்க்கைக்கு வந்து சேர்வோம். முதல் வினாவுக்கு விடை கூறுதல் எளிது. இரண்டாவது வினாவை ஆராய்ந்து நீதிமன்றங்களே ஆண்டுக்கணக்கில் அலுத்துப்போயின.

பாயர் 1936 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டெர்ரி என்னும் சிற்றூரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கமும் இருப்புப் பாதையுமே அவ்வட்டாரத்து மக்களுக்குப் பிழைப்பளித்தன. பாயரின் தந்தையும் அத்தகைய உழைப்பாளியே. பள்ளிப் பருவத்தில் சிறுவனின் உள்ளம் பந்தாட்டத்தில் ஈடுபட்டிருந்தது. பந்தாட்டப் பயிற்சி அளித்தவரே விஞ்ஞானப் பாடமும் நடத்தினார் என்பது அச்சிறுவனுக்கு வாய்த்த நல்லூழ். விளையாட்டு ஆசிரியரின் ஒரு சொல்லுக்குப் பிள்ளைகள் அளிக்கும் மதிப்பை ஏனைய ஆசிரியர்கள் பத்துச் சொல்லாலும் பெறுவதில்லை என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இருந்து கண்டவன் நான்.

மருத்துவராக வேண்டும் என்னும் எண்ணத்தோடு அருகிலிருந்த செயின்ட் வின்சென்ட் கல்லூரியில் பாயர் சேர்ந்தார். அங்கே ஒரு வகுப்பில், டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளின் அமைப்பைப் பற்றிப் பேசும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அவ்வமைப்பு முறுக்கிய ஏணியைப் போன்றது என்பதை வாட்சன், கிரிக் என்னும் இருவர் 1953 ஆம் ஆண்டில்தான் வெளியிட்டிருந்தனர். அன்றே பாயரின் நெஞ்சு அப்பொருளில் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் தம் வீட்டில் வளர்த்த இரு பூனைகளுக்கு வாட்சன் என்றும் கிரிக் என்றும் அவர் பெயரிட்டார் என்பர். 1963 ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் நொதிகளைப் பற்றி ஆராய்ந்து, 1966 ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் ஆசிரியராக அமர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, அன்று எவருக்கும் பயன்படும் என்று தோன்றாத ஒன்று. பாக்டீரியாக்களையும் வைரஸ்கள் தாக்குவது உண்டு. உள்ளே நுழையும் வைரஸின் டி.என்.ஏ. இழையை அறுத்தெறிவதற்குச் சில பாக்டீரியாக்கள் தம்மிடம் ஒருவகை நொதியை வைத்திருக்கின்றன. அந்நொதி கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. குறிப்பிட்ட எழுத்து வரிசை எங்கே வருகின்றதோ அங்கே மட்டும் வெட்டும். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடிய சுவடி என்று கொண்டால், அந்நொதியை அச்சுவடியின் குறித்த சொல்லை மட்டும் தேடிக் கத்தரிக்கும் கத்தரிக்கோல் எனலாம். நோயாளி ஒருவரின் உடலிலிருந்து பெற்ற கோலை என்னும் பாக்டீரியாவிலிருந்து பாயரின் ஆய்வுக்கூடத்து மாணவர் ஒருவர் இத்தகைய நொதி ஒன்றைப் பிரித்தெடுத்தார். ஈகோ-ஆர்-ஒன் என்பது அதன் பெயர்.

இந்நொதி தேடும் சொல் ‘ஜி-ஏ-ஏ-டி-டி-சி’ என்னும் ஆறு எழுத்துகளாலாயது என்று பாயரும் அவர்தம் துணைவர்களும் 1972 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். நம் இலக்கியத்தில் மாலைமாற்று என்றொரு சித்திரகவி உண்டு. ‘விகடகவி’ என்னும் சொல்லைப்போல, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே நிற்பது. இந்த ஆறெழுத்துச் சொல்லும் ஒருவகை மாலைமாற்றே. டி.என்.ஏ. ஏணியின் ஒரு காலில் ஏ இருக்கும் இடத்திற்கு எதிரே மறுகாலில் டி நிற்கும். ஜி இருக்கும் இடத்திற்கு எதிரே சி நிற்கும். ஆகவே இச்சொல்லுக்கு எதிரே நிற்பதை மறுபுறமிருந்து படித்தால் அதே சொல் கிடைக்கும். தாளில் எழுதிப் பார்த்தால் மாணவர்கள் இதனை எளிதில் அறியலாம்.

நொதி இரு கால்களையும் நேருக்கு நேராக வெட்டாமல் படிபோல ஏறுக்கு மாறாக வெட்டுகின்றது என்பதை அதே ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் காட்டினர். அதனால் வெட்டுண்ட ஒவ்வொரு துண்டின் முனையிலும் நான்கு எழுத்துகள் துணையின்றி நீட்டிக்கொண்டிருக்கும். அவை தமக்கு ஏற்ற துணையைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். தவளையின் டி.என்.ஏ.வாயினும் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வாயினும், ஒரே நொதியால் வெட்டப்பட்டிருந்தால் ஒன்றோடொன்று பொருந்தும்! இதன் பொருளை ஆழ்ந்து எண்ணிப் பாருங்கள். இனம் கடந்த ஒட்டுக்கு இங்கே வழி பிறந்துவிட்டது.

கத்தரிக்கோல் கிடைத்தது, வெட்டி ஒட்டியதைச் சுமந்து செல்லும் ஊர்தி வேண்டுமல்லவா? அது ஸ்டான்போர்டில் ஸ்டான்லி கோஹன் என்னும் மருத்துவரிடம் இருந்தது. பாக்டீரியாவின் உள்ளே பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் உண்டு; மருந்துகளை எதிர்த்து நிற்கும் ஆற்றல் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவது பெரும்பாலும் இவற்றால்தான். கோஹன் அவ்வளையங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவர் ஆய்வுக்கூடங்களுக்கும் இடையிலிருந்த தொலைவு சுமார் 50 கிலோமீட்டர்தான். எனினும் 1972 ஆம் ஆண்டு நவம்பரில் கடல் கடந்து ஹவாய்த் தீவின் ஹொனலூலு நகரில் கூடிய ஒரு மாநாட்டில்தான் இருவரும் மனம் விட்டுப் பேசினர். இரவு நெடுநேரம் நடந்துவிட்டு ஓர் உணவு விடுதியில் அமர்ந்து பேசியபோது, ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை என்பது இருவருக்கும் புலனாயிற்று. இணைந்து வேலை செய்வது என்று அங்கேயே முடிவாயிற்று.

1973 ஆம் ஆண்டின் முற்பகுதியில் சோதனை நடந்தது. கோஹனின் உதவியாளரான ஆனி சாங் என்னும் அம்மையார் சான்பிரான்சிஸ்கோவில் குடியிருந்து ஸ்டான்போர்டுக்குச் சென்று வந்தவர். சோதனைக் குழாய்கள் அவர் வாயிலாக இரு கூடங்களுக்கும் இடையே போய் வந்தன. ஒரு மருந்தை எதிர்க்கும் வளையத்தோடு வேறொரு மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒட்டி, பாக்டீரியாவுக்குள் புகுத்தினார்கள். அந்தப் பாக்டீரியா இரண்டு மருந்துகளுக்கும் சாகாமல் வளர்ந்தது. வளர வளர, புகுத்திய மரபணுவையும் தன்னோடு படியெடுத்துப் பெருக்கியது. சோதனை வென்றதைக் காட்டும் ஒளிப் பட்டைகளைக் கண்டபோது கண்ணில் நீர் துளிர்த்ததாகப் பாயர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். 1974 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் மரபணுவையும் பாக்டீரியாவில் வைத்துப் பெருக்கிக் காட்டினர். வைரஸ் ஒன்றன் டி.என்.ஏ.வோடு வேற்று டி.என்.ஏ.வை ஒட்டும் செயலை 1972 ஆம் ஆண்டிலேயே ஸ்டான்போர்டின் பால் பெர்க் செய்திருந்தார் என்பதையும் இங்கே கூறவேண்டும். பாயர், கோஹன் இருவரும் அதனை எளிமையாக்கி, உயிருள்ள அணுவில் பெருகவும் செய்தனர்.

அறிஞர் உலகம் இதைக் கேட்டு மகிழ்ந்ததோடு அஞ்சவும் செய்தது. புற்றுநோயை விளைக்கும் மரபணு ஒன்று, மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாவில் தவறிப் புகுந்துவிட்டால் என் செய்வது? பெர்க் முதலியோர் 1974 ஆம் ஆண்டில் இத்தகைய சோதனைகள் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு வேண்டிக்கொண்டனர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் அசிலோமார் என்னுமிடத்தில் சுமார் 140 பேர் கூடி, எச்சோதனையை எத்தகைய காவலோடு செய்யலாம் என வரையறுத்தனர். விஞ்ஞானிகள் தம் கைகளைத் தாமே கட்டிக்கொண்ட காட்சி வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

இதற்கிடையில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்றுத்தரும் அலுவலராயிருந்த நீல்ஸ் ரைமர்ஸ், செய்தித்தாளில் இவ்வாராய்ச்சியைப் பற்றிப் படித்தார். இதற்குப் பேடண்ட் எனப்படும் காப்புரிமை பெறவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கோஹன் தயங்கினார், எத்தனையோ பேரின் உழைப்பின் மேல் எழுந்த கண்டுபிடிப்பு இது, இதனை இருவர் பெயரில் எழுதிக்கொள்வது எங்ஙனம் தகும் என்று அவர் எண்ணினார். எனினும் அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் ஓராண்டு முடிவதற்குச் சில நாட்களே இருந்தபோது, 1974 நவம்பர் 4 ஆம் நாள், விண்ணப்பம் அனுப்பப்பட்டது. சக விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தனர். 1980 டிசம்பரில்தான் உரிமை கிடைத்தது. அதனை ஒரு கம்பெனிக்கு மட்டும் விற்காமல், ஆண்டுக்கு 10,000 டாலர் போன்ற சிறு கட்டணத்திற்கு யார் கேட்டாலும் அளிப்பது என்று பல்கலைக்கழகங்கள் முடிவு செய்தன. 1997 ஆம் ஆண்டில் உரிமைக் காலம் முடிவதற்குள் நானூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அனுமதி பெற்றன. 25 கோடி டாலருக்கு மேல் வருவாய் வந்தது. கிணற்றுக்குப் பூட்டுப் போடாமல், குடத்துக்கு ஒரு காசு வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் இறைத்த ஏற்பாடு என்று நான் இதனைக் கருதுகின்றேன். பின்னால் வரப்போகும் சச்சரவுகளோடு ஒப்பிட்டால் இதன் நயம் விளங்கும்.

இனிக் கதையின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். 1976 ஆம் ஆண்டு ஜனவரியில் ராபர்ட் ஸ்வான்சன் என்னும் இளைஞர் பாயரைத் தொலைபேசியில் அழைத்தார். ரசாயனமும் வணிக நிர்வாகமும் கற்றவர். புதுத் தொழில்களுக்கு முதல் போடும் ஒரு நிறுவனத்தில் இருந்து விலகி, அப்போது வேலையின்றி இருந்தவர். பட்டியல் வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் ஒவ்வொருவரையும் அழைத்து, மரபணு ஒட்டும் கலையைக் கொண்டு பொருள்களை உற்பத்தி செய்ய முடியுமா என்று கேட்டார். இன்னும் பல்லாண்டு ஆகும் என்பதே கிடைத்த விடை. பாயர் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சில நிமிடங்கள் ஒதுக்க இசைந்தார். சில நிமிடங்கள் மூன்று மணி நேரமாயின. மது விடுதி ஒன்றில் பேச்சு தொடர்ந்தது. முடிவில் ஆளுக்கு 500 டாலர் போட்டுக் கம்பெனி தொடங்குவதென்று கைகொடுத்துக்கொண்டனர். தம் பங்கான 500 டாலரைப் பாயர் கடனாகத்தான் வாங்கினார். இருவர் பெயரையும் சேர்த்து ‘ஹெர்பாப்’ என்று வைக்கலாம் என்றார் ஸ்வான்சன். நல்லவேளையாகப் பாயர் அதனை மறுத்து, மரபணுப் பொறியியல் தொழில்நுட்பம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ‘ஜெனன்டெக்’ என்று பெயரிட்டார். 1976 ஏப்ரல் 7 ஆம் நாள் அக்கம்பெனி சட்டப்படி தோன்றிற்று. அதற்கென்று ஓர் ஆய்வுக்கூடமோ கட்டடமோ அப்போது இல்லை.

இன்சுலினுக்கு நேரே போகாமல், சோமடோஸ்டேடின் என்னும் சிறிய இயக்குநீரில் முதற்சோதனை செய்யவேண்டும் என்று பாயர் வற்புறுத்தினார். அது 14 அமினோ அமிலங்களாலாய சிறு சங்கிலி. அதனை முதன்முதலில் பிரித்தெடுக்க ரோஜர் கீமன் என்னும் அறிஞரின் குழுவினர் சுமார் 5 இலட்சம் ஆடுகளின் மூளைப் பகுதிகளை அரைத்து, சில மில்லிகிராம் அளவே பெற்றிருந்தனர். பாயர் வேறொரு வழியை நாடினார். தென் கலிபோர்னியாவில் ‘சிட்டி ஆஃப் ஹோப்’ என்னும் மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்த ஆர்தர் ரிக்ஸ், கெய்ச்சி இட்டகுரா ஆகியோரைக் கொண்டு, அதற்குரிய மரபணுவை எழுத்துக்கு எழுத்து ரசாயன முறையில் கட்டச் செய்தார்.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரை நினையாது செல்லுதல் முறையன்று. பிரிக்கப்படாத பஞ்சாபில், முல்தான் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பட்வாரி எனப்படும் கிராமக் கணக்கரின் மகனாகப் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவே மரபணுவை ரசாயனத்தால் கட்டும் கலைக்கு வழிகாட்டியவர். 1970 ஆம் ஆண்டில் 77 எழுத்து இணைகள் கொண்ட ஈஸ்ட் மரபணு ஒன்றை அவர் குழுவினர் முழுமையாகக் கட்டி முடித்ததாக அறிவித்தனர். கொரானாவின் குழுவில் பயின்ற சரண் நாரங் என்பவரிடம் கனடாவில் பணியாற்றித் தேர்ந்தவர் இட்டகுரா. குரு பரம்பரை என்று நாம் சொல்வது ஆய்வுக்கூடங்களிலும் உண்டு.

இந்த வேலைக்காக ரிக்ஸ், இட்டகுரா இருவரும் அரசாங்கத்திடம் பொருளுதவி கேட்டனர், விண்ணப்பம் தள்ளப்பட்டது. ஜெனன்டெக் பணம் கொடுத்தது. 1977 ஆம் ஆண்டு நடுவில் கட்டிய மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்திச் சோதித்தபோது, ஒரு துளி இயக்குநீரும் காணப்படவில்லை. இச்சிறு சங்கிலியை வேண்டாத பொருள் என்று கருதிப் பாக்டீரியாவே தின்றிருக்கவேண்டும் என ஊகித்தனர். பின்பு, பாக்டீரியா வழக்கமாக ஆக்கும் பெரிய புரதம் ஒன்றின் வாலில் இச்சங்கிலியை ஒட்டி மறைத்து வளரவிட்டு, பிறகு ரசாயனத்தால் வெட்டிப் பிரித்தனர். இம்முறை சோமடோஸ்டேடின் கிடைத்தது. மனித உடலின் புரதம் ஒன்றைப் பாக்டீரியா ஆக்கியது அதுவே முதல் முறை. அரசாங்கம் கைவிட்ட ஆராய்ச்சியை ஒரு கம்பெனி தூக்கி நிறுத்தியது என்பதைப் பாயரின் மேல் குறை காண்போரும் மறுப்பதற்கில்லை.

அடுத்தது இன்சுலின். 1921 ஆம் ஆண்டு டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் அதனைக் கண்டறிந்த நாள் முதலாக, மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டு வந்தது. 60 ஆண்டுகள் எண்ணற்ற உயிர்களை அது காத்தது. ஆயினும் சிலருடைய உடல் விலங்கு இன்சுலினை ஏற்கவில்லை. மேலும் நோயாளிகள் பெருகப் பெருகக் கணையத்திற்குப் பஞ்சம் வரும் என்னும் கவலையும் இருந்தது. ஆகவே மூன்று குழுக்கள் போட்டியிட்டன. ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட் குழு, பாயர் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில் அவருடைய சக பேராசிரியர்கள் குழு, மூன்றாவது ஜெனன்டெக். முதல் இரு குழுக்களும் இயற்கையில் உள்ள மரபணுவையே கையாண்டன. மனித மரபணுவைத் தொடுவதற்கு மிகக் கடுமையான காவல் விதிகள் இருந்தமையால், ஹார்வர்டு குழுவினர் 1978 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போர்டன் டவுன் என்னும் இராணுவ ஆய்வு நிலையத்திற்குச் சென்று சோதனை செய்யவேண்டியிருந்தது. ரசாயனத்தால் கட்டிய மரபணுவைக் கையாண்ட ஜெனன்டெக்குக்கு அத்தடை இல்லை.

இன்சுலினில் இரண்டு சங்கிலிகள் உண்டு. ஒன்றில் 21 அமினோ அமிலங்கள், மற்றொன்றில் 30. இரண்டையும் தனித்தனிப் பாக்டீரியாவில் ஆக்கி, பின்பு இணைத்தனர். தென் சான்பிரான்சிஸ்கோவில் விமானச் சரக்குக் கிடங்கு ஒன்றில் அமைந்த புதிய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த டேவிட் கெடல், டென்னிஸ் கிளெய்ட் முதலிய இளைஞர்கள் இரவு பகல் பாராது உழைத்து, 1978 ஆகஸ்டில் அதனைச் செய்து முடித்தனர். உடனே எலை லில்லி என்னும் பெரிய மருந்துக் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. நான்காண்டுகள் கழித்து, 1982 அக்டோபரில், அமெரிக்க அரசின் அனுமதி பெற்று அம்மருந்து கடைக்கு வந்தது. மரபணுப் பொறியியலால் ஆக்கப்பட்டு மனிதருக்கு வழங்க அனுமதி பெற்ற முதல் மருந்து அதுவே. நம் நாட்டிலும் 2004 ஆம் ஆண்டில் பெங்களூரு பயோகான் நிறுவனம் ஈஸ்ட் இனத்து நுண்ணுயிரைக் கொண்டு தான் ஆக்கிய மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

வெற்றி வரும்போதே வசையும் வந்தது. தொடக்க ஆண்டுகளில் ஜெனன்டெக்கின் வேலை பாயரின் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே நடைபெற்றது. ஒரே மேசையில் ஒருவர் பல்கலைக்கழகத்துக்காக உழைக்க, அடுத்தவர் கம்பெனிச் சம்பளத்தில் உழைத்தார். முன்பெல்லாம் உணவு வேளையில் தத்தம் முடிவுகளைப் பேசி மகிழ்ந்த சக ஆய்வாளர்கள் வாய் திறக்க அஞ்சினர்; தாம் சொல்வது நாளைக்கு யாருடைய காப்புரிமையில் போய்ச் சேருமோ என்னும் ஐயம் அவர்களைப் பற்றிக்கொண்டது. பல்கலைக்கழகக் குழு இதனை விசாரித்தது. மக்கள் வரிப்பணத்தால் விளைந்த அறிவைத் தம் பைக்குள் போட்டுக்கொண்டார் என்று பாயரை நேரே பழித்தவரும் உண்டு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நம்மவர் சொல்வதைப் போன்ற நிலை அவருடையது. கம்பெனியில் துணைத் தலைவர் பதவியை ஏற்றாரே தவிர, பேராசிரியர் பதவியை அவர் துறக்கவில்லை. அந்த ஏச்சுகள் தம்மை மிகவும் வருத்தின என்று அவரே பின்னர் கூறியிருக்கின்றார்.

1980 ஆம் ஆண்டு இத்துறையின் வரலாற்றில் தனித்து எண்ணத்தக்கது. அவ்வாண்டு ஜூனில், எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கிய வங்காளத்தவரான ஆனந்த சக்கரவர்த்தியின் வழக்கில், மனிதரால் ஆக்கப்பட்ட உயிருக்குக் காப்புரிமை பெறலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். அக்டோபர் 14 ஆம் நாள் ஜெனன்டெக்கின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 35 டாலருக்கு விற்கத் தொடங்கிய பங்கு ஒரு மணி நேரத்திற்குள் 88 டாலரைத் தொட்டது. கடன் வாங்கிய 500 டாலர் அன்று மாலை 6 கோடி டாலருக்கும் மேல் ஆகியிருந்தது. அதே அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ரசாயன நோபல் பரிசு பால் பெர்க், கில்பர்ட், சாங்கர் ஆகிய மூவருக்குச் சென்றது. பாயருக்கும் கோஹனுக்கும் இல்லை. வணிகத்தில் இறங்கியதால்தான் பாயருக்குப் பரிசு தவறிற்று என்று சிலர் கூறுவர். அது வெறும் ஊகம். நான் அதனை நம்பி உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நோபல் பரிசுக்கு இணையாக மதிக்கப்படும் லாஸ்கர் விருது அவ்வாண்டே இருவருக்கும் கிடைத்தது.

வளர்ச்சி இயக்குநீரின் கதையில் இக்கலையின் நன்மையும் தீமையும் பின்னிக் கிடக்கின்றன. அவ்வியக்குநீர் குறைவுபட்ட குழந்தைகள் வளராமல் குறுகி நிற்பர். முன்பு இறந்தோரின் மூளையடிச் சுரப்பியிலிருந்து அதனை எடுத்து அவர்களுக்கு அளித்து வந்தனர். அவ்விதம் பெற்றவர்களில் சிலர், மூளையை அரிக்கும் தீராத கொடுநோயால் இளமையிலேயே மடிந்தனர் என்பது 1985 ஆம் ஆண்டில் தெரியவந்து, அம்மருந்து நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே ஜெனன்டெக் பாக்டீரியாவில் ஆக்கிய தூய இயக்குநீருக்கு அனுமதி கிடைத்தது. தக்க காலத்தில் வந்த மருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்மருந்தின் பிறப்பைப் பற்றிப் பல்கலைக்கழகம் 1990 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. பல்கலைக்கழகத்தில் இருந்து கம்பெனிக்கு மாறிய ஆராய்ச்சியாளர் ஒருவர், 1978 ஆம் ஆண்டின் கடைசி நள்ளிரவில் பழைய ஆய்வுக்கூடத்திற்குச் சென்று மரபணு மாதிரிகளை எடுத்து வந்தார் என்பதும், அவற்றைக் கம்பெனி பயன்படுத்தியது என்பதும் வழக்கு. மாதிரிகளைப் பயன்படுத்தியதாக அவரே சாட்சி கூறினார், கம்பெனி மறுத்தது. 1999 ஆம் ஆண்டில் 20 கோடி டாலர் கொடுத்து ஜெனன்டெக் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அப்பணத்தில் ஒரு பகுதி அப்பல்கலைக்கழகத்தின் புதிய ஆராய்ச்சிக் கட்டடத்திற்குச் சென்றது. அக்கட்டடத்திற்கு ஜெனன்டெக் மண்டபம் என்றே பெயர்!

‘பாயர் செய்தது சரியா, தவறா?’ என்று மேல் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருமுறை என்னைக் கேட்டான். எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் கம்பெனி தொடங்கியதில் நான் குற்றம் காணவில்லை. பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கட்டுரையோடு நின்றிருந்தால், இன்சுலின் நோயாளியின் கைக்கு வர இன்னும் பல்லாண்டு ஆகியிருக்கும். இரண்டு வேலைகளும் ஒரே அறையில் ஒரே மேசையில் நடந்ததுதான் கேடு. வேலி இல்லாத வரப்பில் எது யாருடைய பயிர் என்று மாட்டுக்கு எப்படித் தெரியும்? சான்பிரான்சிஸ்கோவில் நேர்ந்ததைப் பார்த்த பின்னரே, பேராசிரியர் தொழில் நிறுவனத்தோடு எந்த அளவுக்குத் தொடர்பு கொள்ளலாம் என்று பல்கலைக்கழகங்கள் விதிகளை எழுதலாயின. பாயர் தம் செல்வத்தில் ஒரு பகுதியை யேல் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று மருத்துவ ஆராய்ச்சி நிலையம் அமைக்கக் கொடுத்தார். தாம் பயின்ற சிறு கல்லூரியையும் அவர் மறக்கவில்லை. அங்கே விஞ்ஞானம் கற்பிக்கும் பிரிவு 2007 ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் வழங்குகின்றது. ஸ்வான்சன் 1999 ஆம் ஆண்டில் 52 ஆம் வயதில் காலமானார். ஜெனன்டெக்கின் பங்குகள் முழுவதையும் 2009 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ரோச் கம்பெனி வாங்கிக்கொண்டது.

அதே 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெர்க்லியில் பேராசிரியராயிருந்த ஜெனிபர் டவுட்னா என்னும் உயிர் ரசாயன அறிஞர் தம் பதவியை விட்டு ஜெனன்டெக்கில் உயர்ந்த பொறுப்பில் சேர்ந்தார். இரண்டு மாதங்களுக்குள் மனம் மாறிப் பல்கலைக்கழகத்திற்கே திரும்பினார். 2012 ஆம் ஆண்டில் அவரும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் இமானுவேல் ஷார்பான்டியேயும் சேர்ந்து, கிரிஸ்பர் என்னும் புதிய கத்தரிக்கோலை உலகுக்கு அளித்தனர். இதுவும் வைரஸை எதிர்க்கப் பாக்டீரியா வைத்திருக்கும் கருவியே. பாயரின் நொதி ஆறெழுத்துச் சொல் ஒன்றையே தேடும். இதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் இருபது எழுத்துச் சொல்லைத் தேடி, உயிருள்ள மனித அணுவின் உள்ளேயே அது வெட்டும். 2020 ஆம் ஆண்டு ரசாயன நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. இதன் காப்புரிமை யாருக்கு என்பதில் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே வழக்கு மூண்டது.

இக்கருவியைக் கொண்டு, அரிவாள் வடிவில் இரத்த அணுக்கள் வளையும் பரம்பரை நோய்க்கு ஆக்கிய சிகிச்சைக்கு 2023 ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு அதன் விலை 22 இலட்சம் டாலர் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952 ஆம் ஆண்டில், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். இச்சிகிச்சையைக் குறைந்த செலவில் இங்கேயே ஆக்கிக்கொள்ளும் முயற்சியில் தில்லியிலுள்ள அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்று சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகின்றது.